சும்மா நிற்கும் டேட்டாபேஸ் கனெக்ஷன்களும் கனெக்ஷன் பூலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாண்டியில் வாடகை ஸ்கூட்டர் கடைகளுக்குப் புக்கிங் மென்பொருள் செய்து கொடுக்கும் நான்கு பேர் ஆபீஸ் எங்களுடையது. வேலைக்குப் புதிதாகச் சேருகிறவர்கள் முதல் மாதத்திலேயே டேட்டாபேஸ் கனெக்ஷன் பற்றி ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள், நானும் கடலூர் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் பாதி பதில் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுகிறேன். அதனால் மொத்தமாக எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கனெக்ஷன் என்றால் நம் ஆப் டேட்டாபேஸ் சர்வரோடு பேசத் திறந்து வைக்கும் வழி. நாங்கள் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் ஆட்கள், ஆகவே பேச்சு பெரும்பாலும் அதைச் சுற்றியே இருக்கும். மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸ் வேறுபடும் இடங்களில் சொல்லிவிடுகிறேன்.

"சாரி, டூ மெனி க்ளையன்ட்ஸ் ஆல்ரெடி" என்று வருகிறது. மேக்ஸ் கனெக்ஷன்ஸை (ஒரே நேரத்தில் எத்தனை கனெக்ஷன் என்ற வரம்பை) 100-இலிருந்து 500 ஆக்கிவிட்டால் சரியாகிவிடுமா?

எர்ரர் போய்விடும், பிரச்சினை அங்கேயே இருக்கும். போஸ்ட்கிரெஸை நிறுவியபடியே விட்டால் இந்த எண் 100. அதில் 3 சூப்பர்யூசருக்கென்று ஒதுக்கப்பட்டவை, ஆக உங்கள் ஆப்புக்குக் கிடைப்பது 97. அந்த 97-ம் தீர்ந்துபோயிற்று என்றால் முதலில் கேட்க வேண்டியது, யார் எடுத்து வைத்திருக்கிறார்கள், எடுத்து என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்பதைத்தான். நான் பார்த்தவற்றில் பெரும்பாலும் அவர்கள் ஒன்றுமே செய்துகொண்டிருக்கவில்லை. 500 ஆக்கினால், ஒன்றும் செய்யாமல் உட்கார இன்னும் நானூறு பேருக்கு நாற்காலி போட்டுக் கொடுத்த கதைதான். போதாக்குறைக்கு இந்த எண்ணை மாற்றினால் சர்வரை ரீஸ்டார்ட் செய்தாக வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம், சென்னைக் கூட்டமும் பெங்களூர்க் கூட்டமும் வந்து இறங்குகிற நேரத்தில் அதைச் செய்ய எனக்குத் தைரியம் கிடையாது.

அந்த 500 பேரும் ஒரே சமயத்தில் நிஜமாகவே வேலை செய்ய ஆரம்பித்தால் அது வேறு தலைவலி. ஒர்க் மெம் என்ற மெமரி அமைப்பு இயல்பாக 4 எம்பி. அது கனெக்ஷனுக்கு ஒருமுறை கொடுக்கும் கணக்கில்லை, ஒரு க்வெரிக்குள் (டேட்டாபேஸிடம் கேட்கும் ஒரு கேள்விக்குள்) வரும் ஒவ்வொரு சார்ட்டுக்கும் தனித்தனியாகக் கொடுப்பது. நாலு கோர் உள்ள மெஷினில் 500 பேர் சிபியுவுக்கு முண்டியடித்தால் எல்லோருக்கும் தாமதம், யாருக்கும் லாபமில்லை.

மைஎஸ்க்யூஎல்லில் இதே எண் 151, நிர்வாகிக்கு மேலே ஒன்று. எர்ரர் எண் 1040. மற்ற கதையெல்லாம் ஒன்றுதான்.

ஒரு கனெக்ஷன் திறக்க அப்படி என்ன செலவு?

போஸ்ட்கிரெஸில் கனெக்ஷன் ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி ப்ராசஸ் (சர்வரில் தனியாக ஓடும் ப்ரோக்ராம்). நீங்கள் கதவைத் தட்டியதும் டிசிபி கைகுலுக்கல் நடக்கிறது, உடனே தாய் ப்ராசஸ் ஃபோர்க் செய்து ஒரு குட்டியைப் போடுகிறது, டிஎல்எஸ் இருந்தால் அதன் பேச்சுவார்த்தை நடக்கிறது, ஸ்க்ராம் முறையில் பாஸ்வேர்டு சரிபார்க்கிறார்கள் (அது வேண்டுமென்றே மெதுவாகச் செய்யப்பட்டது, 4096 சுற்று ஹேஷ்), பிறகு அந்தக் குட்டி டேபிள் எது, காலம் (டேபிளின் நெடுவரிசை) எது என்ற விவரங்களைத் தன் கேஷில் முதலிலிருந்து நிரப்பிக்கொள்கிறது. இவ்வளவும் முடிந்த பிறகு நீங்கள் கேட்பதோ ஒரு ஸ்கூட்டர் காலியா இல்லையா என்ற ஒரு மில்லிசெகண்ட் க்வெரி. மைஎஸ்க்யூஎல்லில் ப்ராசஸுக்குப் பதில் த்ரெட், அதனால் கொஞ்சம் மலிவு. ஆனாலும் இலவசமில்லை.

பூல் என்றால் என்ன? புரியும்படி சொல்லுங்கள்.

நம் கடைக்காரர்கள் செய்வதுதான். மிஷன் வீதிப் பக்கம் வாடகை ஸ்கூட்டர் கடை வைத்திருப்பவர் ஒவ்வொரு டூரிஸ்டுக்கும் ஷோரூம் போய்ப் புது வண்டி வாங்கி வந்து, அவர் திருப்பித் தந்ததும் அதை விற்றுவிடுவதில்லை. இருபது வண்டி வாங்கி வாசலில் நிறுத்தியிருக்கிறார். வருகிறவர் சாவி வாங்கிப் போகிறார், திருப்பித் தருகிறார், அடுத்தவர் எடுக்கிறார். இருபதும் வெளியே போயிருந்தால் இருபத்தொன்றாவது ஆள் நிழலில் நின்று காத்திருப்பார், ரொம்ப நேரமானால் திட்டிவிட்டு அடுத்த கடைக்குப் போவார். பூலில் இருக்கும் டைம் அவுட் அந்தத் திட்டுதான்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் கோடில் கனெக்ஷனை "க்ளோஸ்" செய்கிறீர்கள் இல்லையா, பூல் இருக்கும்போது அது உண்மையில் மூடுவதில்லை, சாவியை மேசையில் வைப்பது மட்டும்தான். புதிதாக வருகிறவர்கள் "க்ளோஸ் பண்ணிட்டேன் அண்ணே, ஆனா சர்வர்ல இன்னும் தெரியுது" என்று பதறுவது இதனால்தான். தெரியத்தான் செய்யும்.

அப்படியென்றால் சும்மா நிற்கும் கனெக்ஷன் கெடுதல் இல்லையா?

இங்கேதான் முக்கால்வாசிப் பேர் குழம்புகிறார்கள். சும்மா நிற்பதில் இரண்டு வகை உண்டு, இரண்டையும் ஒரே பெயரில் கூப்பிடுவதால் வந்த வினை.

முதல் வகை, கடை வாசலில் நிற்கும் வண்டி. போஸ்ட்கிரெஸ் இதை வெறுமனே "ஐடில்" என்று காட்டும். கொஞ்சம் மெமரி பிடிக்கும், மேக்ஸ் கனெக்ஷன்ஸில் ஒரு இடத்தைப் பிடிக்கும், வேறு யாரையும் தொந்தரவு செய்யாது. முன்பெல்லாம் இது ஆயிரக்கணக்கில் இருந்தால் மற்றவர்கள் ஸ்னாப்ஷாட் எடுப்பதே (தங்களுக்கு எந்தெந்த மாற்றங்கள் தெரியும் என்று குறித்துக்கொள்வதே) மெதுவாகும். 2021-இல் வந்த 14-ஆம் பதிப்பில் அந்த இடத்தை நன்றாகவே திருத்திவிட்டார்கள். ஆகவே பத்துப் பதினைந்து ஐடிலைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பூல் வைத்திருப்பதே அதற்குத்தான்.

இரண்டாவது வகை, "ஐடில் இன் டிரான்சாக்ஷன்". டிரான்சாக்ஷன் என்பது ஒரே கட்டாக நடக்க வேண்டிய வேலை: பிகினில் தொடங்கும், கமிட்டில் உறுதியாகும், ரோல்பேக்கில் ரத்தாகும். ஒருவர் வண்டியை எடுத்துப்போய் பீச் ரோடு பக்கத்தில் எங்கேயோ நிறுத்திவிட்டு, கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். வண்டி ஓடவில்லை. ஆனால் சாவி அவர் பாக்கெட்டில், கடைக்காரருக்கு வண்டியும் இல்லை, வாடகை நேரமும் ஓடுகிறது. டேட்டாபேஸ் மொழியில் சொன்னால், பிகின் போட்டுவிட்டு ஒரு க்வெரி ஓட்டியிருக்கிறார்கள், கமிட்டும் வரவில்லை, ரோல்பேக்கும் வரவில்லை. அந்த டிரான்சாக்ஷன் பிடித்த லாக் எல்லாம் அப்படியே இருக்கும். எதையாவது எழுதிவிட்டு நின்றாலோ, ரிப்பீட்டபிள் ரீட் நிலையில் (முதலில் பார்த்ததையே கடைசிவரை காட்டும் நிலை) படித்துவிட்டு நின்றாலோ, அதற்குப் பிறகு செத்துப்போன வரிசைகளை (டேபிளின் ரோக்களை) வேக்யூம் என்ற துப்புரவு வேலையால் அள்ள முடியாது, டேபிள் ஊதிக்கொண்டே போகும். வெறும் செலக்ட்தானே என்று நினைக்காதீர்கள், செலக்ட்கூட டிரான்சாக்ஷன் முடியும்வரை டேபிள் மேல் ஒரு மெல்லிய லாக்கை வைத்திருக்கும். அந்த மெல்லிய லாக் என்ன செய்யும் என்பதற்கு என் சொந்தக் கதை ஒன்று கடைசியில் இருக்கிறது.

டிசம்பர் 31 அன்று நமக்கு என்னதான் ஆயிற்று?

எல்லோரும் கேட்டுவிட்டீர்கள், சொல்லிவிடுகிறேன். புத்தாண்டுக்கு பாண்டியில் என்ன கூட்டம் வரும் என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். சாயங்காலம் ஆறரை மணிக்குக் கடைக்காரர்கள் வரிசையாகப் போன் செய்தார்கள், புக்கிங் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்று. நான் முதலில் பார்த்தது சிபியு. பத்து சதவீதம்கூட இல்லை. டிஸ்க் அமைதியாக இருந்தது. கனெக்ஷன் மட்டும் 97-க்கு 97.

நாங்கள் பைத்தானில் எஸ்க்யூஎல்அல்கெமி என்ற டேட்டாபேஸ் லைப்ரரி வைத்திருக்கிறோம். அதன் பூல் இயல்பாக 5, அவசரத்துக்கு மேலே 10, ஆக ஒரு ப்ராசஸுக்கு 15. எங்களிடம் ஆறு ஒர்க்கர் ப்ராசஸ். ஆறு பதினைந்து தொண்ணூறு. ரிப்போர்ட் எடுக்கும் ஜாப், அட்மின் பேனல் என்று மீதி ஏழும் போயின. இந்தப் பெருக்கலை அதுவரை ஆபீஸில் ஒருவரும் போட்டுப் பார்த்ததில்லை, நானும்தான்.

ஆனால் 90 கனெக்ஷன் ஏன் ஒரே நேரத்தில் தேவைப்பட்டது? புக்கிங் கோடு இப்படி இருந்தது: டிரான்சாக்ஷன் தொடங்கு, அந்த ஸ்கூட்டரின் வரிசையை லாக் செய், டூரிஸ்டின் லைசென்ஸ் போட்டோவை வேறொரு சர்வரில் ஏற்று, போன் நம்பருக்கு ஓடிபி அனுப்பு, பிறகு கமிட். சாதாரண நாளில் போட்டோ ஏற இரண்டு நொடி. அன்றைக்கு ஊரில் இருந்த அத்தனை போனும் ஒரே டவரில் தொங்கியதில் சிலருக்கு நாற்பது நொடி ஆயிற்று. அந்த நாற்பது நொடியும் ஒரு கனெக்ஷன், ஒரு லாக், ஒரு ஐடில் இன் டிரான்சாக்ஷன். டேட்டாபேஸ் பாவம், கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது.

திருத்தியது எப்படியென்றால், டிரான்சாக்ஷனை இரண்டாக வெட்டினோம். முதலாவது, வண்டியைப் பத்து நிமிடத்துக்கு ஒதுக்கி, காலாவதி நேரத்தை டேபிளின் ஒரு நெடுவரிசையில் எழுதி, உடனே கமிட். அப்புறம் போட்டோ, ஓடிபி எல்லாம் கையில் கனெக்ஷன் இல்லாமல். அவை முடிந்ததும் உறுதி செய்ய இன்னொரு குட்டி டிரான்சாக்ஷன். பத்து நிமிடம் தாண்டினால் ஒதுக்கீடு தானாகக் காலாவதியாகிவிடும்.

இதிலும் ஒரு குழி இருந்தது. கமிட் செய்த பிறகும் கனெக்ஷன் பூலுக்குத் திரும்பவில்லை. காரணம், எஸ்க்யூஎல்அல்கெமி கமிட்டுக்குப் பின் ஆப்ஜெக்டுகளைக் காலாவதி ஆக்கிவிடும். போட்டோவுக்குப் பெயர் வைக்க புக்கிங் ஐடியை நாங்கள் தொட்டதும், அது புதிதாக ஒரு டிரான்சாக்ஷனைத் தொடங்கி மறுபடி படித்து, கனெக்ஷனை மறுபடி பிடித்துக்கொண்டது. ஐடியைக் கமிட்டுக்கு முன்பே ஒரு சாதாரண மாறியில் எடுத்து வைத்ததும் சரியாயிற்று. இதைக் கண்டுபிடிக்க ஒன்றரை நாள்.

யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று எப்படிப் பார்ப்பது?

பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டி என்ற வியூவைப் பாருங்கள். நாலு காலம் போதும்: ஸ்டேட், ஸ்டேட் சேஞ்ச், எக்ஸ்ஆக்ட் ஸ்டார்ட், அப்ளிகேஷன் நேம். ஸ்டேட் வாரியாக எண்ணுங்கள், பிறகு ஐடில் இன் டிரான்சாக்ஷன் மட்டும் பிரித்து, டிரான்சாக்ஷன் தொடங்கிய நேரப்படி பழையதை மேலே கொண்டு வாருங்கள். மேலே நிற்பவர்தான் ஆள்.

க்வெரி என்ற காலத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஐடிலாக நிற்பவருக்கு அது காட்டுவது கடைசியாக ஓடி முடிந்த க்வெரியை. "இந்த செலக்ட் ரெண்டு மணி நேரமா ஓடுது" என்று இன்டெக்ஸ் போடக் கிளம்பிய ஒரு தம்பியைத் தடுத்து நிறுத்தியிருக்கிறேன். அது மூன்று மில்லிசெகண்டில் முடிந்துவிட்டது, அதற்குப் பிறகு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஆனாலும் கோடில் எந்த இடம் என்று துப்புத் துலக்க அந்தக் கடைசி க்வெரி உதவும்.

அப்ளிகேஷன் நேம் தானாக வராது, கனெக்ஷன் ஸ்ட்ரிங்கில் நீங்கள் வைக்க வேண்டும். புக்கிங், ரிப்போர்ட், அட்மின் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வையுங்கள். ஐந்து நிமிட வேலை, ராத்திரி பதினொரு மணிக்கு அதன் அருமை தெரியும்.

மைஎஸ்க்யூஎல்லில் ப்ராசஸ்லிஸ்ட் சும்மா நிற்கும் எல்லாவற்றையும் "ஸ்லீப்" என்று மட்டும் சொல்லும். டிரான்சாக்ஷன் திறந்திருக்கிறதா என்று அதில் தெரியாது, இன்னோடிபி டிஆர்எக்ஸ் என்ற டேபிளைத்தான் பார்க்க வேண்டும்.

பிடித்துவிட்டேன். கொன்றுவிடலாமா?

கொல்லலாம், முறை தெரிந்து கொல்லுங்கள். பிஜி கேன்சல் பேக்எண்ட் ஓடும் க்வெரியை நிறுத்துவது, சும்மா நிற்பவரிடம் நிறுத்த க்வெரி ஏது? ஆகவே பிஜி டெர்மினேட் பேக்எண்ட். லினக்ஸில் நேராகப் போய் கில் மைனஸ் 9 மட்டும் அடித்துவிடாதீர்கள். ஒரு பேக்எண்ட் அப்படிச் செத்தால் பகிர்ந்த மெமரி கெட்டிருக்கலாம் என்று நினைத்துத் தாய் ப்ராசஸ் மற்ற எல்லோரையும் துண்டித்து, ரெக்கவரி ஓட்டி எழுந்து வரும்.

கையால் கொல்லாமல் தானாக நடக்க வழி?

இருக்கிறது. ஐடில் இன் டிரான்சாக்ஷன் செஷன் டைம் அவுட் 9.6-இலிருந்து உண்டு, இயல்பாக அணைந்திருக்கும். இதை ரோல் (டேட்டாபேஸ் யூசர்) வாரியாக வையுங்கள், சர்வர் முழுவதற்கும் ஒரே எண் வைக்காதீர்கள். எங்களிடம் ஆப் ரோலுக்கு 20 வினாடி, ரிப்போர்ட் ரோலுக்கு 5 நிமிடம். நேரம் தாண்டினால் கனெக்ஷனே அறுந்துவிடும், டிரான்சாக்ஷன் ரோல்பேக் ஆகிவிடும், உங்கள் கோடு அந்த எர்ரரைத் தாங்க வேண்டும்.

ஐடில் செஷன் டைம் அவுட் என்று 14-இல் இன்னொன்று வந்தது, அது வாசலில் நிற்கும் வண்டியையே தூக்கிக்கொண்டு போய்விடும். பூல் பக்கம் இதை வைக்காதீர்கள், பூல் தன்னிடம் வண்டி இருக்கிறது என்று நம்பிச் சாவி கொடுக்கும், வெளியே போய்ப் பார்த்தால் வண்டி இருக்காது. மனிதர்கள் நேரடியாக உள்ளே நுழையும் ரோல்களுக்கு வைத்தால் நல்லது. 17-ஆம் பதிப்பில் டிரான்சாக்ஷன் டைம் அவுட் என்று மொத்த டிரான்சாக்ஷன் நேரத்துக்கே வரம்பு வைக்கும் வசதியும் வந்துவிட்டது.

பூல் அளவு எவ்வளவு வைப்பது?

நீங்கள் நினைப்பதில் கால்வாசி. போஸ்ட்கிரெஸ் விக்கியில் வெகுகாலமாக இருக்கும் கணக்கு ஒன்று உண்டு: கோர் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி, டிஸ்க் ஸ்பிண்டில் எண்ணிக்கையைக் கூட்டு. நாலு கோர், ஒரு டிஸ்க் என்றால் ஒன்பது. இது டேட்டாபேஸ் ஒரே நேரத்தில் சுறுசுறுப்பாகச் செய்யக்கூடிய வேலையின் அளவு, எல்லா ப்ராசஸுக்கும் சேர்த்து. எஸ்எஸ்டி காலத்தில் அப்படியே பொருந்தாது, ஆனால் தொடங்க நல்ல இடம். அளந்து பார்த்து மேலே கீழே நகர்த்துங்கள்.

இன்னொரு கணக்கு எனக்கு அதைவிடப் பிடிக்கும். நொடிக்கு 150 ரிக்வெஸ்ட் வருகிறது, ஒவ்வொன்றும் கனெக்ஷனை 8 மில்லிசெகண்ட் பிடிக்கிறது என்றால் சராசரியாகத் தேவைப்படுவது 1.2 கனெக்ஷன். ஆமாம், ஒன்று புள்ளி இரண்டு. அதே ரிக்வெஸ்ட் போட்டோ ஏறும்வரை 4 நொடி பிடித்தால் 600. ட்ராஃபிக் ஒன்றுதான், சர்வர் ஒன்றுதான். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டியதும் எங்கள் ஆபீஸில் பெரிய சர்வர் வாங்கும் பேச்சு நின்றுபோனது.

பெருக்கலை மறக்காதீர்கள்: பூல் அளவு, ப்ராசஸ் எண்ணிக்கை, மெஷின் எண்ணிக்கை. புது வெர்ஷனை ஏற்றும்போது பழைய ப்ராசஸும் புதியதும் கொஞ்ச நேரம் சேர்ந்து ஓடும், அப்போது அது இரட்டிப்பு.

குறைந்தபட்ச ஐடில் எவ்வளவு, ஐடில் டைம் அவுட் எவ்வளவு?

லைப்ரரிக்கு லைப்ரரி வேறு. ஜாவாவின் ஹிகாரி இயல்பாக 10 வைத்து, குறைந்தபட்ச ஐடிலையும் அதே 10 ஆக வைக்கிறது, அதாவது பூல் சுருங்கவே சுருங்காது. அதை அப்படியே விடச் சொல்கிறார்கள், எனக்கும் சரியென்றுதான் படுகிறது: கூட்டம் வரும் நேரத்தில் போய்ப் புது வண்டி வாங்குவது எதற்கு? நோட் உலகத்தின் பிஜி பூல் நேர் எதிர், 10 நொடி சும்மா நின்றால் மூடிவிடும். கோ மொழியில்தான் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது, அங்கே திறக்கும் எண்ணிக்கைக்கு இயல்பாக வரம்பே இல்லை, ஆனால் சும்மா வைத்துக்கொள்வது 2 மட்டும். நெருக்கடியில் ஐம்பது திறக்கும், வேலை முடிந்ததும் நாற்பத்தெட்டை எறியும், அடுத்த நொடி மறுபடி திறக்கும். இரண்டையும் நீங்களே வையுங்கள், ஏறக்குறைய சமமாக.

காலையில் முதல் ஆள் புக்கிங் செய்யும்போது மட்டும் தோல்வி, அடுத்த முறை சரி. ஏன்?

ராத்திரி முழுக்கச் சும்மா நின்ற கனெக்ஷனை நடுவில் யாரோ அறுத்துவிட்டார்கள், பூலுக்குத் தகவல் வரவில்லை. அந்த யாரோ பெரும்பாலும் ஃபயர்வாலோ நாட் கேட்வேயோதான். அமேசானின் நாட் கேட்வே 350 வினாடி சும்மா இருந்தால் மறந்துவிடும், அஷூரின் லோடு பேலன்சர் இயல்பாக 4 நிமிடம். மைஎஸ்க்யூஎல் தானே அறுக்கும், வெயிட் டைம் அவுட் 28800 வினாடி, அதாவது எட்டு மணி நேரம். கடையை ராத்திரி பத்துக்கு மூடி, காலை ஏழுக்குத் திறந்தால் சரியாக மாட்டும். "மைஎஸ்க்யூஎல் சர்வர் ஹேஸ் கான் அவே" என்று வரும்.

மருந்து மூன்று. கனெக்ஷனின் அதிகபட்ச ஆயுளை நடுவில் இருப்பவரின் பொறுமையைவிடக் குறைவாக வையுங்கள், ஹிகாரியில் இயல்பாக 30 நிமிடம், எஸ்க்யூஎல்அல்கெமியில் ரீசைக்கிள் அணைந்தே இருக்கும். கொடுக்கும் முன் உயிரோடு இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கும் ப்ரீ பிங்கைப் போடுங்கள், ஒரு ரவுண்டு ட்ரிப் செலவு, பொறுத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் கீப்அலைவ், அதாவது எதிர்முனை இருக்கிறதா என்று அவ்வப்போது கூப்பிட்டுப் பார்ப்பது. லினக்ஸில் அது தொடங்கவே 7200 வினாடி ஆகும், நீங்கள் குறைக்காவிட்டால் எந்த பயனுமில்லை.

பிஜிபவுன்சர் எப்போது தேவை?

ஆப் ப்ராசஸ்கள் பெருகி, ஒவ்வொன்றின் பூலையும் சுருக்கியும் கூட்டுத்தொகை அடங்காதபோது. ஸ்கைப்பில் பிறந்த சின்ன ப்ரோக்ராம், 6432 போர்ட்டில் உட்காரும். நூற்றுக்கணக்கான ஆப் கனெக்ஷனை வாங்கிக்கொண்டு டேட்டாபேஸுக்குப் பதினைந்து இருபதுதான் திறக்கும்.

செஷன் மோடு இயல்பானது, ஆனால் ஆப் துண்டிக்கும்வரை கனெக்ஷனை விடாது, ஆப் பக்கமும் பூல் இருந்தால் பெரிய லாபமில்லை. டிரான்சாக்ஷன் மோடில் கமிட் ஆனதும் அடுத்தவருக்குப் போய்விடும், பலன் அதில்தான். பதிலுக்குச் சில பழக்கங்களை விட வேண்டும்: செஷன் அளவில் செட் செய்தது அடுத்த க்வெரிக்கு இருக்காது, லிஸன் வேலை செய்யாது, செஷன் அளவு அட்வைசரி லாக்கை நம்பக்கூடாது, டெம்ப் டேபிள் டிரான்சாக்ஷனோடு முடிய வேண்டும். ப்ரிப்பேர்ட் ஸ்டேட்மென்டும் உடையும். 2023-இல் வந்த 1.21-இலிருந்து டிரைவர் வழியாக அனுப்புபவற்றைச் சமாளிக்கும் வசதி அதில் உண்டு.

முக்கியமாக, டிரான்சாக்ஷனைத் திறந்து வைத்துக்கொண்டு போட்டோ ஏற்றும் கோடுக்கு பிஜிபவுன்சர் ஒன்றும் செய்யாது. கமிட் வராமல் அது எப்படி அடுத்தவருக்குக் கொடுக்கும்? நெரிசல் டேட்டாபேஸ் வாசலிலிருந்து பவுன்சர் வாசலுக்கு மாறும், அவ்வளவே.

மேக்ஸ் க்ளையன்ட் கனெக்ஷன் அதிலும் இயல்பாக 100தான். அதை உயர்த்த மறந்துவிட்டுப் பவுன்சரைத் திட்டுபவர்கள் உண்டு. டீஃபால்ட் பூல் சைஸ் 20 என்பது ஒவ்வொரு யூசர்-டேட்டாபேஸ் ஜோடிக்கும் தனித்தனி என்பதையும் பாருங்கள்.

ஆப்பில் ஒரு பூல், நடுவில் பவுன்சர், இரண்டுமா?

இரண்டும் இருக்கலாம். ஆப் பக்கத்தைச் சின்னதாக வையுங்கள்.

கனெக்ஷன் லீக் என்கிறார்களே, இதே விஷயமா?

உறவுதான். எடுத்துப்போனவர் திரும்பி வரவே இல்லை என்றால் லீக். வழக்கமான காரணம், நடுவில் எக்ஸெப்ஷன் வந்து க்ளோஸ் வரியைத் தாண்டிப் போய்விட்டது. பைத்தானில் வித், ஜாவாவில் ட்ரை வித் ரிசோர்சஸ், கோ மொழியில் டிஃபர், இவை இல்லாமல் கனெக்ஷன் எடுக்கும் கோடை ரிவ்யூவில் நான் விடுவதில்லை. ஹிகாரியில் லீக் டிடெக்ஷன் த்ரெஷோல்ட் இயல்பாக அணைந்திருக்கும், 10 நொடி என்று வைத்தால் எங்கே எடுத்தார்கள் என்பதை ஸ்டாக் ட்ரேஸோடு எழுதிக் காட்டும்.

லீக் போலவே தெரியும் இன்னொன்று: ஒரு ரிக்வெஸ்ட் ஒரு கனெக்ஷனைக் கையில் வைத்துக்கொண்டே இரண்டாவதைக் கேட்பது. பூல் 10, பத்துப் பேரும் ஒன்று ஒன்று எடுத்துவிட்டு இரண்டாவதுக்குக் காத்திருந்தால் யாரும் நகர முடியாது. ஆடிட் லாக் எழுதத் தனி கனெக்ஷன் எடுப்பவர்கள் இதில் விழுகிறார்கள்.

ஜாவாவின் ஸ்ப்ரிங் பூட் ஃப்ரேம்வொர்க் ஆட்கள் ஓபன் இன் வியூ என்ற அமைப்பையும் பாருங்கள். இயல்பாக ஆன், முதல் க்வெரிக்கு எடுத்த கனெக்ஷனைப் பதில் முழுக்க எழுதி முடிக்கும்வரை விடாது. நான் முதல் நாளே அணைத்துவிடுவேன்.

பைத்தானின் ஜாங்கோ ஃப்ரேம்வொர்க்கில்?

இயல்பாக ரிக்வெஸ்டுக்கு ஒரு கனெக்ஷன் திறந்து மூடும், கான் மேக்ஸ் ஏஜ் பூஜ்யம் என்பதன் பொருள் அதுதான். 5.1-இல் போஸ்ட்கிரெஸுக்குச் சொந்தப் பூல் வந்தது, சைக்கோபிஜி 3 இருந்தால் பயன்படுத்தலாம்.

எதைக் கண்காணிப்பது?

எத்தனை கனெக்ஷன் திறந்திருக்கிறது என்ற எண்ணைவிட, ஒரு ரிக்வெஸ்ட் கனெக்ஷனுக்காக எவ்வளவு நேரம் நின்றது என்ற எண் உண்மை பேசும். பவுன்சரில் ஷோ பூல்ஸ் அடித்தால் சிஎல் வெயிட்டிங், மேக்ஸ்வெயிட் என்று இருக்கும். மேக்ஸ்வெயிட் ஒரு நொடியைத் தாண்டினால் எங்களுக்கு மெசேஜ் வரும். அதோடு மிகப் பழைய ஐடில் இன் டிரான்சாக்ஷனின் வயது. இந்த இரண்டுக்கு மேல் நான் எதையும் பெரிதாகப் பார்ப்பதில்லை.

நானே சர்வரில் நுழைந்து பிகின் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனால் என்ன ஆகும்?

சொல்கிறேன் என்றேனே, அந்தக் கதை. புக்கிங் டேபிளில் ஒரு கணக்கைச் சரிபார்க்க பிஎஸ்க்யூஎல் (போஸ்ட்கிரெஸில் நேரடியாக க்வெரி அடிக்கும் கருவி) திறந்து, ஜாக்கிரதையாக இருக்கிறேன் பேர்வழி என்று பிகின் போட்டு, ஒரு செலக்ட் அடித்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. மணி பார்த்தால் பஸ்ஸுக்கு நேரமாயிற்று, லேப்டாப்பை அப்படியே மூடிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். நெட் அறுந்தது என் பக்கத்துக்குத் தெரியும், சர்வருக்குத் தெரியாது. டிசிபி கீப்அலைவ் இயல்பு நிலையில் இருந்ததால் அது என்னைத் தேடத் தொடங்கவே 7200 வினாடி, அதன்பின் 75 வினாடிக்கு ஒன்றாக ஒன்பது முறை கூப்பிட்டுப் பார்க்கும், ஆக ஏறத்தாழ இரண்டு மணி பதினோரு நிமிடம் நான் உள்ளே உட்கார்ந்திருப்பதாகவே அது நம்பும்.

ஆபீஸில் இருந்த தம்பி அந்த நேரம் பார்த்து அதே டேபிளில் ஒரு காலம் சேர்க்க ஆல்டர் டேபிள் ஓட்டினான். அது என் செலக்ட் விட்டுப்போன மெல்லிய லாக்குக்காகக் காத்து நின்றது. ஆல்டர் கேட்பது முழு லாக், அது வரிசையில் நின்றதும் அதற்குப் பின்னால் வந்த சாதாரண செலக்ட்கள்கூட அதைத் தாண்ட முடியாமல் வரிசை கட்டின. பூல் நிரம்பியது, கடைகள் நின்றன. பஸ் அரியாங்குப்பம் பாலத்தைத் தாண்டும்போது போன் வந்தது. "அண்ணே, மேலே நிக்கிற ஐடில் இன் டிரான்சாக்ஷன் உங்க பேர்ல இருக்கு" என்றான். டெர்மினேட் பண்ணு என்றேன், ஒரு நொடியில் எல்லாம் ஓடத் தொடங்கியது.

அன்றிலிருந்து எங்கள் சொந்த ரோல்களுக்கும் ஐடில் இன் டிரான்சாக்ஷன் டைம் அவுட் 2 நிமிடம், மைக்ரேஷன் (டேபிள் அமைப்பை மாற்றும்) ரோலுக்கு லாக் டைம் அவுட் 3 வினாடி. அப்ளிகேஷன் நேமில் பெயர் வைக்கச் சொன்னது நான்தான் என்பதால் மாட்டிக்கொண்டதிலும் எனக்கு வருத்தமில்லை, ரெட்டிச்சாவடி வரும்வரை கொஞ்சம் வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.